பல்கலைக்கழக வாயிலும் கரையோரப் பிள்ளைகளும்



க.பொ.த. உயர்தரப் பரீட்சையின் பெறுபேறு வெளியான மறுநாட் காலையிலே பாடசாலை அதிபர் ஒருவருடைய அலுவலகத்தின் முன்னே கூடுகின்ற பெற்றாரைக் கண்டவர்களுக்கு, இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளின் முக்கியத்துவத்தை எடுத்துரைக்க வேண்டியதில்லை. கல்முனையிலும் நிந்தவூரிலும், தெற்கே பொத்துவிலிலும் அறுகம்பேயிலும் அவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றே: "சேர், பிள்ளைக்குக் கெம்பஸ் கிடைக்குமா?" பல்கலைக்கழகம் என்னும் நெடிய சொல் எங்கள் கரையோரத்திலே "கெம்பஸ்" என்று சுருங்கி வழங்கத் தொடங்கி நெடுங்காலமாயிற்று. சொல்லைச் சுருக்கிக்கொண்டோமே யன்றி அங்கே செல்லும் வழியை நாம் இன்னும் சுருக்கிக்கொள்ளவில்லை.

அண்மைய ஆண்டுகளில் இப்பரீட்சையில் சித்தியெய்திப் பல்கலைக்கழகம் புகுவதற்கு வேண்டிய ஆகக்குறைந்த தகுதியைப் பெறுவோர் தொகை 150,000 இற்கும் மேற்பட்டது. இடம் பெறுவோரோ 40,000 தொடக்கம் 45,000 வரையிலானோர். தகுதி பெற்ற நால்வரில் ஏறத்தாழ ஒருவருக்கே வாயில் திறக்கின்றது. எஞ்சிய மூவரும் தோற்றவர்கள் அல்லர், தகுதியுடையவர்கள். ஆயினும் இடமில்லை. இந்தக் கணக்கைப் பெற்றாருக்கு விளக்கிச் சொல்லும் போது, அவர்கள் முகத்திலே எழும் வியப்பை நான் பலமுறை கண்டிருக்கிறேன். "மூன்று பாடமும் பாஸ் என்று போட்டிருக்கிறதே" என்பார்கள். சித்தியடைதல் வேறு, தெரிவாதல் வேறு என்பதை நாம் பிள்ளைகளுக்கும் பெற்றாருக்கும் பரீட்சைக்குப் பின்னரே சொல்லுகிறோம். பரீட்சைக்கு மூன்று நான்கு ஆண்டுகளுக்கு முன்னரே சொல்ல வேண்டிய செய்தி அது.

இந்த வாயில் எங்கள் கரைக்கு எப்போது திறந்தது என்பதைச் சிறிது பின்னோக்கிப் பார்ப்போம். 1942 ஆம் ஆண்டிலே இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றியபோது அங்கே கற்றவர்கள் 900 பேர் அளவில் இருந்தனர். அதே 1942 இல், யுத்தகாலத்து உணவுப் பஞ்சத்தை எதிர்நோக்கி நெற்செய்கையைப் பெருக்கும் பொருட்டு, கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக அனுப்பப்பட்டார் ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்கள். யாழ்ப்பாணத்திலே பிறந்தவர், இலங்கைச் சிவில் சேவையிற் புகுந்த முதல் முஸ்லிம். நெல் விளைவிக்க வந்த அதிகாரி, இப்பகுதியின் வயல்களைக் கண்டதோடு நில்லாது பிள்ளைகளையும் கண்டார். அவ்வாண்டிலேயே கல்முனையில் முஸ்லிம் கல்விச் சங்கம் ஒன்றை நிறுவினார். மூன்றாண்டு கழித்து, 1945 இல், கொழும்பிலே முஸ்லிம் மாணவருக்கான புலமைப்பரிசில் நிதியம் ஒன்று அவரது முயற்சியால் எழுந்தது.

1945 என்னும் ஆண்டைக் கவனியுங்கள். சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்களின் இலவசக் கல்வித் திட்டம் நடைமுறைக்கு வந்ததும் அவ்வாண்டிலேதான். கட்டணம் இல்லாத கல்வி நாடெங்கும் வருகின்ற வேளையிலே அஸீஸ் அவர்கள் ஏன் தனியே ஒரு நிதியத்தைத் தேடினார்? கட்டணம் ஒழிந்தாலும் செலவு ஒழிவதில்லை என்பதை அவர் கண்டிருந்தார். பஸ்ஸுக்குப் பணம் வேண்டும். தங்குமிடத்துக்குப் பணம் வேண்டும். உழைத்துத் தர வேண்டிய பிள்ளை உழைக்காதிருக்கும் ஆண்டுகளுக்கு வீட்டிலே ஈடு வேண்டும். எண்பது ஆண்டுகள் கழிந்த பின்னரும் எங்கள் ஊர்களில் நிலைமை இதுவே.

அஸீஸ் அவர்களின் நண்பர் ஒருவரும் எங்கள் கரையைச் சேர்ந்தவர். 1892 இல் காரைதீவிலே பிறந்த சுவாமி விபுலாநந்தர், 1920 இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டத்தைப் பெற்றார். பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், 1943 முதல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தார். விஞ்ஞானத்திலே பட்டம் பெற்றவர் தமிழ்ப் பேராசிரியரானார் என்பதை இன்றைய மாணவர்களுக்கு நான் அடிக்கடி சொல்வதுண்டு. ஒரு துறையைத் தெரிந்தெடுத்த நாளோடு வாழ்க்கையே முடிவாகிவிட்டது என்று எண்ணி வாடும் பிள்ளைகளுக்கு அது நல்ல மருந்து.

இனி, அனுமதி முறைக்கு வருவோம். இது கசப்பான வரலாறு உடையது. எனினும் மறைத்துப் பேசுவதில் பயனில்லை. 1970 ஆம் ஆண்டுகளின் தொடக்கத்திலே மொழிவாரித் தரப்படுத்தல் வந்தது. தமிழ் மொழியிலே பரீட்சை எழுதியவர்கள் மருத்துவம், பொறியியல் முதலிய துறைகளுக்குச் சிங்கள மொழியிலே எழுதியவர்களை விடக் கூடிய புள்ளி பெற வேண்டியிருந்தது. அது இழைத்த அநீதியையும், பின்னர் அது எங்கெங்கே கொண்டுபோய் விட்டது என்பதையும் இந்நாடு நன்கறியும். 1974 இல் மாவட்ட ஒதுக்கீடு சேர்ந்தது. யாழ்ப்பாணத்து மாணவருக்கு அது மேலும் ஒரு இழப்பாயிற்று. ஆனால் மட்டக்களப்பு, மன்னார், 1961 இல் தனி மாவட்டமாகிய அம்பாறை ஆகியவற்றின் தமிழ் மொழி மாணவர் சிலருக்கு அதே ஒதுக்கீடு முன்னர் திறவாத கதவுகளைத் திறந்தது. ஒரே விதி ஒரே மொழி பேசும் இரு பிள்ளைகளுக்கு இருவேறு பயன் தந்தது. ஆகையால் இவ்விடயத்தில் யாழ்ப்பாணத்தவர் ஒருவரும் கல்முனையார் ஒருவரும் உரையாடும்போது, இருவரும் உண்மையே பேசினாலும் ஒருவரையொருவர் நம்பாமற் பிரிவது உண்டு.

மொழிவாரித் தரப்படுத்தல் அக்காலத்தோடு ஒழிந்தது. மாவட்ட முறை திருத்தங்களோடு நிலைத்தது. இப்பொழுது பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 சதவீத இடங்கள் நாடளாவிய திறமை அடிப்படையிலே வழங்கப்படுகின்றன. 55 சதவீதம் மாவட்டங்களுக்கு அவற்றின் சனத்தொகைக்கேற்பப் பகிரப்படுகின்றது. எஞ்சிய 5 சதவீதம் கல்வியிற் பின்தங்கியவை எனக் குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு உரியது. அந்தப் பதினாறில் அம்பாறையும் ஒன்று.

இசட் புள்ளி என்பது என்ன? 2001 முதல் வழக்கிலுள்ள இச்சொல்லைக் கேட்டு அஞ்சாத பெற்றார் அரியர். அஞ்ச வேண்டியதில்லை. இரண்டு மாணவர் இரண்டு வெவ்வேறு பாடங்களில் ஆளுக்கு 70 புள்ளி எடுத்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதற் பாடம் கடினமானது. அதை எழுதிய எல்லோரது சராசரி 40. புள்ளிகள் சராசரியிலிருந்து விலகி நிற்கும் அளவாகிய நியம விலகல் 15. எழுபதிலே நாற்பதைக் கழித்தால் முப்பது. முப்பதைப் பதினைந்தால் வகுத்தால் 2. இரண்டாவது பாடம் இலகுவானது, சராசரி 60, நியம விலகல் 10. எழுபதிலே அறுபதைக் கழித்துப் பத்தால் வகுத்தால் 1. ஆகவே ஒரே எழுபது ஒரு பாடத்தில் இரண்டாகவும் மற்றதில் ஒன்றாகவும் மதிக்கப்படுகின்றது. மூன்று பாடங்களிலும் இவ்வாறு பெற்றவற்றைக் கூட்டி மூன்றால் வகுத்தால் மாணவரின் இசட் புள்ளி கிடைக்கும். கடினமான பாடத்தை எடுத்ததற்காக ஒரு பிள்ளை தண்டனை பெறலாகாது என்பதே இதன் கருத்து. சராசரிக்குக் கீழே நிற்பவர்களுக்குக் கழித்தற் குறியோடு புள்ளி வரும். "பூச்சியத்துக்கும் கீழே போய்விட்டாளே என் மகள்" என்று ஒரு தாய் கண்ணீர் விட்டதுண்டு. அந்தப் பிள்ளை மூன்று பாடங்களிலும் சித்தியடைந்தே இருந்தாள்.

இன்னொரு மயக்கமும் உண்டு. விஞ்ஞானப் பிரிவு மாணவனின் இசட் புள்ளியையும் கலைப் பிரிவு மாணவியின் இசட் புள்ளியையும் அருகருகே வைத்து யார் கெட்டிக்காரர் என்று தெருவிலே தீர்ப்புக் கூறுவார்கள். ஒவ்வொரு கற்கைநெறிக்கும் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் வெட்டுப்புள்ளி தனித்தனியே அமைவது. அந்த ஒப்பீட்டிலே பொருளில்லை.

நேயர்களே, இனி நான் சொல்ல வந்த முக்கியமான விடயத்துக்கு வருகிறேன். மாவட்ட ஒதுக்கீடு கொழும்புக்கும் அம்பாறைக்கும் இடையேயுள்ள ஏற்றத்தாழ்வைக் காண்கின்றது. அம்பாறைக்குள்ளே இருக்கின்ற ஏற்றத்தாழ்வு அதன் கண்ணிலே படுவதில்லை. கல்முனைப் பட்டினத்திலே விஞ்ஞானமும் கணிதமும் நெடுங்காலமாகக் கற்பித்துவரும் பெரிய பாடசாலைகள் உண்டு. மாலையானால் தனியார் வகுப்புகள் உண்டு. பெயர் பெற்ற ஆசிரியர்கள் மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் குடியிருக்கிறார்கள். அங்கிருந்து தெற்கே ஏ-4 பெருந்தெருவிலே ஏறத்தாழ 70 கிலோமீற்றர் சென்றால் பொத்துவில். அதற்கும் அப்பால் பாலத்தைக் கடந்தால் அறுகம்பே. அதற்கும் தெற்கே பாணமை. இந்த ஊர்ப் பிள்ளையும் கல்முனைப் பிள்ளையும் ஒரே மாவட்டத்தவர். ஒரே ஒதுக்கீட்டுக்குள்ளே போட்டியிடுகிறவர்கள். மாவட்டத்தின் மேற்கே மகாஓயாவிலே கற்கும் சிங்களப் பிள்ளைக்கும் இதே கதைதான். ஒதுக்கீடு பின்தங்கிய மாவட்டத்துக்கு என்று வழங்கப்படுகின்றது. அதன் பெரும் பயன் பின்தங்கிய மாவட்டத்தின் முன்னேறிய பட்டினத்துக்குச் சேர்கின்றது.

நாட்டிலே 10,000 இற்கு மேற்பட்ட அரசாங்கப் பாடசாலைகள் உள்ளன. அவற்றுள் உயர்தர விஞ்ஞானப் பிரிவு நடத்துபவை ஏறத்தாழ ஆயிரமே. ஒரு பாடசாலையின் பெயர்ப் பட்டியலிலே விஞ்ஞானப் பிரிவு இருப்பதும், அங்கே பௌதிகவியலுக்கு ஆசிரியர் ஒருவர் ஆண்டு முழுவதும் இருப்பதும் ஒன்றல்ல. பொத்துவிற் கோட்டம் அக்கரைப்பற்றுக் கல்வி வலயத்தைச் சேர்ந்தது. வடக்கேயுள்ள ஊர்களிலிருந்து நியமனம் பெற்று வருகின்ற ஆசிரியர் விடியற்காலையிலே பஸ் ஏறி வந்து, கடைசி மணி அடிக்கு முன்னரே திரும்பும் பஸ்ஸின் நேரத்தை எண்ணிக்கொண்டிருக்கிறார். அவரைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. அவருக்கும் வீட்டிலே பிள்ளைகள் உண்டு. தங்குவதற்கு நல்ல ஆசிரியர் விடுதி ஒன்று இருந்திருந்தால் அவர் இடமாற்றத்துக்கு எழுதியிருக்க மாட்டார். தெற்கே ஆசிரியர் விடுதி கட்டும் செலவு பல்கலைக்கழக அனுமதிக்கென்று செய்யும் செலவேயாகும் என்பது என் துணிபு. ஆனால் வரவு செலவுத் திட்டத்திலே அது கட்டிடச் செலவு என்ற தலைப்பிலே வந்து, முதலிலே வெட்டப்படுகின்றது.

அறுகம்பேயில் இன்னொரு சிக்கலும் உண்டு. சித்திரை தொடக்கம் ஐப்பசி வரை அலைச்சறுக்கு விளையாட்டுக்காக உலகத்தின் பல திசைகளிலிருந்தும் வெள்ளைக்காரர் வந்து குவிகிறார்கள். ஆங்கிலமும் சிறிது எபிரேயமும் பேசத் தெரிந்த பதினேழு வயதுப் பையன், முச்சக்கர வண்டி ஓட்டியோ, சறுக்குப் பலகையை வாடகைக்கு விட்டோ, அலை பிடிக்கக் கற்றுக்கொடுத்தோ ஈட்டும் பணம் சில மாதங்களில் அவனுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியருடைய சம்பளத்தையும் விஞ்சிவிடும். அவனிடம் போய், "தம்பி, படித்தால்தான் முன்னேறலாம்" என்று எந்த முகத்தோடு சொல்வது? நான் சொல்வது வேறு. "பருவம் ஆறு மாதம், முதுகு வலுவாக இருப்பது இருபது வருடம், விடுதியை நடத்துகிறவனாக வர விரும்பினால் முகாமைத்துவம் படி" என்பேன். சிலர் கேட்கிறார்கள். பலர் சிரித்துவிட்டுப் போகிறார்கள்.

பரீட்சைக் காலமும் எங்களுக்கு வாய்ப்பாக அமைவதில்லை. ஆகஸ்ட் மாதத்திலே பரீட்சை நடந்த காலத்தில் அது சுற்றுலாப் பருவத்தின் உச்சத்தோடு மோதிற்று. அண்மைக் காலத்திலே நவம்பருக்கு வந்தபோது கிழக்கின் மாரி மழையோடு மோதிற்று. 2024 நவம்பர் இறுதியிலே வெள்ளத்தினால் பரீட்சையையே இடைநிறுத்திப் பின்னர் டிசம்பரிலே தொடர வேண்டியதாயிற்று. தெற்கு மேற்கு மாகாணங்களின் காலநிலையை மட்டும் பார்த்து நாட்குறிப்பை வரைகிறவர்களுக்கு, வாடைக் காற்று வீசும் திசையும் ஒன்று உண்டு என்பதை நாம்தான் நினைவூட்ட வேண்டும்.

இனி, விண்ணப்பப் படிவம். இதிலே நான் சற்று விரிவாகப் பேச விரும்புகிறேன். ஏனெனில் விதிகளை மாற்றுவது அரசாங்கத்தின் கையிலே; படிவத்தை நிரப்புவது நம் கையிலே.

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஆண்டுதோறும் கைந்நூல் ஒன்றை வெளியிடுகின்றது. எந்தப் பாடச் சேர்க்கையோடு எந்தக் கற்கைநெறிக்குப் போகலாம், எந்தப் பல்கலைக்கழகத்திலே அது உண்டு, எதற்கு உளச்சார்புப் பரீட்சை வேண்டும் என்பவை எல்லாம் அதிலே உள்ளன. ஆணைக்குழுவின் கீழ் இன்று 17 பல்கலைக்கழகங்கள் இயங்குகின்றன. விண்ணப்பிப்பவர் தாம் விரும்பும் கற்கைநெறிகளையும் பல்கலைக்கழகங்களையும் ஒன்று, இரண்டு, மூன்று என்று விருப்ப வரிசையிலே எழுத வேண்டும். தெரிவு இவ்வாறே நிகழ்கின்றது: அவருடைய புள்ளிக்கு எட்டக்கூடிய இடங்களுள் வரிசையிலே எது மேலே நிற்கின்றதோ அது அவருக்கு அளிக்கப்படும், அதற்குக் கீழே எழுதியவை பின்னர் பார்க்கப்படமாட்டா. இதனை உணராதவர்கள் இரு வகையாகத் தவறுகிறார்கள். சிலர், "முதலிலே பெரிய இடத்தை எழுதினால் சிறிய இடமும் கைநழுவும்" என்று அஞ்சி, தாம் உண்மையில் விரும்பாததை மேலே எழுதிவிடுகிறார்கள். அவ்வச்சம் வீண். கிடைக்காத இடத்தை மேலே எழுதியதனால் கீழுள்ளது எதுவும் இழக்கப்படுவதில்லை. வேறு சிலர் நான்கைந்தோடு நிறுத்திவிடுகிறார்கள்.

நான் அறிந்த மீனவர் வீட்டுப் பையன் ஒருவன். கரைவலை இழுக்கும் தந்தை. உயிரியல் விஞ்ஞானம் படித்தான். ஊரிலே எல்லோரும் அவனை "டொக்டர்" என்றே அழைத்தார்கள். அந்த அழைப்பே அவனுக்கு வினையாயிற்று. படிவத்திலே மருத்துவபீடங்களை மட்டும் வரிசையாக எழுதினான். விவசாயத்தையும் பிரயோக விஞ்ஞானத்தையும் தாதியியலையும் எழுதினால் ஊரார் நகைப்பர் என்று எண்ணினான். வெட்டுப்புள்ளி சிறு தசமத்தால் தப்பிற்று. எழுதியிருந்தால் விவசாயபீடம் கிடைத்திருக்கும். மூன்று தடவைக்கு மேல் தோற்ற முடியாத பரீட்சையிலே அவன் இன்னும் ஒரு தடவையைச் செலவிட்டான். குடும்பம் இன்னும் ஓராண்டு அவனுடைய உழைப்பின்றி இருந்தது. ஊராருக்கு என் வேண்டுகோள் இது: பிள்ளை பட்டம் பெறுவதற்கு முன்னர் பட்டப்பெயர் சூட்டாதீர்கள்.

பெயர் என்றதும் மற்றொன்று நினைவுக்கு வருகிறது. எங்கள் ஊர்களிலே முஹம்மது என்னும் பெயரை ஆங்கிலத்திலே எத்தனை விதமாக எழுதலாமோ அத்தனை விதமாகவும் எழுதியிருக்கிறோம். பிறப்புச் சான்றிதழிலே ஒரு விதம், பாடசாலைப் பதிவேட்டிலே ஒரு விதம், அடையாள அட்டையிலே மற்றொரு விதம். தந்தையின் பெயர் முன்னெழுத்தாக நிற்கும் இடமும் மாறும். பாத்திமா என்னும் பெயருடைய பிள்ளைகளுக்கு இது தீராத தொல்லை. விண்ணப்பிக்கும் கடைசி வாரத்திலே இவற்றைத் திருத்துவதற்குப் பிரதேச செயலகத்துக்கும் கிராம உத்தியோகத்தரிடமும் ஓடுவதை விட, அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும் போதே எல்லாத் தாள்களையும் ஒருங்கே வைத்துப் பார்த்துவிடுவது நன்று. அதற்கு அரை நாள் போதும்.

படிவத்துக்கும் முன்னே நிற்பது துறைத் தெரிவு. சாதாரண தரப் பெறுபேறு வந்ததும் பிள்ளை கலைப் பிரிவிலே சேர்கிறான். ஏன் என்று கேட்டால், "எங்கட ஸ்கூலில் அதுதான் இருக்குது" என்கிறான். நான் ஒரு கலைப் பட்டதாரி. ஆதலால் கலைத்துறையை இழித்துரைப்பேன் என்று எவரும் அஞ்ச வேண்டாம். விரும்பிக் கற்கும் வரலாறும் தமிழும் மனிதனை உயர்த்துகின்றன. வேறு கதவு இல்லாமையால் தள்ளப்பட்டுக் கற்கும் வரலாறு அப்படிச் செய்வதில்லை. 2013 இல் உயர்தரத்திலே தொழில்நுட்பப் பிரிவு புதிதாகத் தொடங்கப்பட்டது. அதன் வழியாகவும் பல்கலைக்கழகம் புகலாம் என்பதை அறியாத பெற்றார் இன்றும் எங்கள் கரையிலே உள்ளனர். ஒன்பதாம் பத்தாம் வகுப்புகளிலேயே, கணிதத்திலே பிள்ளை தளர்கிறதா என்பதைக் கண்டுகொண்டு கை கொடுத்தால் மட்டுமே அவர்களுக்குப் பின்னர் தெரிந்தெடுக்க ஏதேனும் எஞ்சியிருக்கும். வழிகாட்டல் என்பது உயர்தரப் பெறுபேற்றுக்குப் பின் நடக்கும் ஒரு நாட் கருத்தரங்கு அன்று.

பெண்பிள்ளைகளின் நிலையைத் தனியே சொல்ல வேண்டும். இன்று இந்நாட்டுப் பல்கலைக்கழகங்களிலே புகுவோரில் பெரும்பான்மையினர் பெண்களே. எங்கள் கரையிலே இம்மாற்றத்துக்குப் பெரிதும் துணைநின்றது ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகம். 1990 ஆம் ஆண்டுகளின் யுத்தச் சூழலிலே முஸ்லிம் மாணவர் வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குச் சென்று கற்க இயலாதிருந்த காலத்தில், எம். எச். எம். அஷ்ரப் அவர்களின் முயற்சியால் 1995 இல் அது பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1996 இல் பல்கலைக்கழகமாயிற்று. கலை, முகாமைத்துவம், இஸ்லாமிய கற்கைகளும் அரபு மொழியும், பொறியியல், தொழில்நுட்பம் என்று பீடங்கள் பெருகின. பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையிலே இருக்கின்றது. பேராதனைக்கு மகளை அனுப்பத் துணியாத தந்தையர் ஒலுவிலுக்கு அனுப்பினார்கள். அங்கே தமிழ் மாணவரும் சிங்கள மாணவரும் கற்கின்றனர் என்பதும் நற்செய்தியே.

ஆயினும் அண்மை ஒரு வரம்பாகவும் மாறிவிட்டது. மிக நல்ல புள்ளி பெற்ற மாணவி ஒருத்தி சட்டம் கற்க விரும்பினாள். சட்டக் கற்கைநெறி ஒலுவிலில் இல்லை. கொழும்பிலும் பேராதனையிலும் யாழ்ப்பாணத்திலும் உண்டு. தந்தையார் வந்து என் எதிரே அமர்ந்தார். "ஒலுவிலெண்டா அனுப்புவன் சேர். அங்கால அனுப்ப ஏலா" என்றார். அவர் பிற்போக்காளர் அல்லர். மகளைப் படிக்க வைக்கக் கடன்பட்டவர். பேராதனையிலே அவருக்கு அறிந்தவர் ஒருவரும் இல்லை என்பதே அவருடைய அச்சத்தின் வேர். அங்கே ஏற்கெனவே கற்கும் எங்கள் பகுதி மாணவி ஒருத்தியை அவரோடு தொலைபேசியிலே பேசச் செய்தேன். விடுதி எங்கே, வாயிற்காவலர் உண்டா, தொழுகைக்கு இடம் உண்டா, ஊருக்கு வர எத்தனை பஸ் மாற வேண்டும் என்று அரை மணி நேரம் கேட்டார். நானும் உபதேசங்கள் செய்து பார்த்தேன். பலன் தந்தது அந்த அரை மணி நேரமே. மகள் இப்போது மூன்றாம் ஆண்டு. ஒவ்வொரு ஊரிலும் பள்ளிவாசலிலோ கோயிலிலோ பாடசாலையிலோ, இப்பொழுது பல்கலைக்கழகங்களிலே கற்கும் ஊர்ப் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல் ஒன்று, எந்தப் பல்கலைக்கழகம், எந்த பீடம் என்ற குறிப்போடு இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனாலேயே.

எஞ்சிய மூவரைப் பற்றி முதலிலே சொன்னேன். அவர்களுக்கும் வழிகள் உண்டு. அட்டாளைச்சேனையிலே தேசிய கல்வியியற் கல்லூரி உண்டு. சம்மாந்துறையிலே உயர் தொழில்நுட்பக் கல்வி நிறுவகம் உண்டு. அங்கே பெறும் உயர் தேசிய டிப்ளோமா மதிப்புள்ளது. 1980 இல் தோன்றிய திறந்த பல்கலைக்கழகத்துக்கு மட்டக்களப்பிலே பிராந்திய நிலையம் இருக்கின்றது. உழைத்துக்கொண்டே கற்க விரும்புவோருக்கு அது பொருந்தும். தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழில் ஐந்தாம் படியை எட்டியவர்களுக்கு இரத்மலானையிலுள்ள தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகம் பட்டத்துக்கு வழி திறக்கின்றது. 2014 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த சமுத்திரப் பல்கலைக்கழகம் ஒன்றும் உண்டு என்பதைக் கடலோடு வாழும் எங்கள் மக்களே அறியாதிருப்பது விந்தை. தொழிற்கல்வி என்றால் தோற்றவர்களுக்கு உரியது என்ற எண்ணத்தை நாமே வளர்த்துவிட்டோம். வெளிநாட்டிலே கொத்தனுக்கும் மின்னிணைப்பாளனுக்கும் கிடைக்கும் மதிப்பைக் கண்டு திரும்பியவர்கள் ஊரிலே வாய் திறந்து அதைச் சொல்வார்களானால் நலமாயிருக்கும்.

செலவைப் பற்றி ஒரு சொல். தெரிவான பிள்ளைக்கு 1981 இலே தொடங்கிய மகாபொல புலமைப்பரிசிலோ, அது இல்லாதவிடத்து மானியங்கள் ஆணைக்குழுவின் உதவித்தொகையோ கிடைக்கக்கூடும். ஆனால் அவை முதல் நாளிலே கைக்கு வருவன அல்ல. பதிவு செய்யவும், பாய் தலையணை வாங்கவும், அறைக்கு முற்பணம் கட்டவும் வேண்டிய பணம் முதல் மாதத்திலேயே வேண்டும். இந்த இடைவெளியிலேதான் உம்மாவின் காதுத் தோடு அடகுக் கடைக்குப் போகின்றது. கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் வணிகத்திலே சிறந்த செல்வர் பலர் உள்ளனர். அவர்கள் பரிசளிப்பு விழாவிலே கேடயம் வழங்குவதை நிறுத்திவிட வேண்டும் என்று நான் கூறவில்லை. ஒரு கேடயத்தின் விலையோடு இன்னும் சிறிது சேர்த்து, முதல் மூன்று மாதச் செலவைத் திருப்பித் தரக்கூடிய கடனாக வழங்கும் நிதி ஒன்றை ஊருக்கு ஊர் அமைக்கலாம். 1945 இலே அஸீஸ் அவர்கள் செய்ததை நாம் இன்று இன்னும் இலகுவாகச் செய்யலாம். நோட்டுப் புத்தகம் ஒன்றும் நம்பிக்கைக்குரிய மூவரும் போதும்.

பொத்துவிலிலும் அறுகம்பேயிலும் வீட்டிலே கணினி இல்லாத பிள்ளைகள் படிவத்தை நிரப்பக் கடைகளுக்குப் போகிறார்கள். கடைக்காரர் தட்டச்சிலே வல்லவர். கற்கைநெறிகளை அறிந்தவர் அல்லர். பிள்ளையின் எதிர்காலத்தை வரிசைப்படுத்தும் வேலை அவரிடம் விடத்தக்கதன்று. விண்ணப்பம் கோரப்படும் வாரங்களிலே, வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின்னர் இரண்டு மணி நேரம், பாடசாலைக் கணினி அறையை ஆசிரியர் ஒருவரின் பொறுப்பிலே திறந்து வைத்தால் போதும். பிள்ளை முதலிலே ஒரு தாளிலே தன் விருப்ப வரிசையை எழுதட்டும். பெற்றார் அதை வாசிக்கக் கேட்கட்டும். சென்ற ஆண்டு அம்பாறை மாவட்டத்துக்கு அமைந்த வெட்டுப்புள்ளிகளோடு ஒப்பு நோக்கட்டும். அதன் பின்னரே கணினியிலே ஏற்றட்டும். ஏற்றிய படிவத்தின் பிரதி ஒன்றை அச்சிட்டு வீட்டிலே வைத்துக்கொள்ள வேண்டும்.

இறுதியாக ஒரு சிறு குறிப்பு. முதற் சுற்றிலே இடம் கிடைக்காதவர்கள் உடனே மனம் தளர வேண்டியதில்லை. தெரிவானோர் சிலர் பதிவு செய்யாது விடுவதனால் ஏற்படும் வெற்றிடங்களை நிரப்பப் பின்னரும் அழைப்பு வருவதுண்டு. அவ்வழைப்புக் குறுகிய தவணையோடு வரும். ஆகையால் விண்ணப்பத்திலே எழுதிய தொலைபேசி இலக்கத்தை அந்த ஆண்டு முழுவதும் மாற்றிவிடாதீர்கள்.